கரிசலுக்கு மருத்துவர் எங்கே தயாராகிறார்?

கோவில்பட்டிக்கு மூன்று பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே நான்குவழிச் சாலையில் போனால் திருநெல்வேலி. 1965-ல் தொடங்கிய கல்லூரி. தென்கிழக்கே தூத்துக்குடி, 2000-ல் வந்தது. வடக்கே சாத்தூரைத் தாண்டினால் விருதுநகர். 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. மூன்றும் ஏறத்தாழ ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவில்தான். ஒரு மானாவாரிச் சீமையைச் சுற்றி இத்தனை அரசுக் கல்லூரிகள் அமைவது இந்தியாவில் எளிதில் காணக்கிடைக்காத வாய்ப்பு.

ஆனாலும் விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, பாம்புக்கடியோ என்றால் ஆட்கள் கல்லூரிக்குப் போவதில்லை. ஊரில் இருக்கிற நர்சம்மாவிடம் போகிறார்கள், அல்லது பி.எச்.சி. எனப்படும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், அதை அவர் எங்கே கற்றார், கற்றுக்கொடுக்க யார் செலவழித்தார் என்ற கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. மருத்துவத்துக்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றி நாம் பேசும்போது கட்டடம், படுக்கை, மருந்து, காப்பீடு எல்லாம் பேச்சில் வரும். ஆள் தயாரிக்கிற செலவு மட்டும் பேச்சில் வராது.

ஒரு நோயை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். கரிசலில் உளுந்து பிடுங்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் கடிக்கிற பாம்புகளில் சுருட்டை விரியன் முக்கியமானது. ஒரு முழம்தான் இருக்கும், மண்நிறம், கண்ணில் படாது. அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் சோதனை தவறாகிவிடும். பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலும் தவறாகிவிடும். விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும் என்பதால் அட்ரினலின் ஊசியைக் கையருகே வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இதில் எதுவும் எம்.பி.பி.எஸ். படித்தவருக்குத் தெரியாத செய்தி இல்லை. தேர்வில் எழுதித்தான் தேறியிருப்பார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, உதவிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மட்டும் இருக்கிற இடத்தில், அந்த மருந்தைத் தன் பொறுப்பில் ஏற்றத் தொடங்குகிற துணிச்சல் படிப்பினால் மட்டும் வராது. அதைச் செய்கிற ஒருவர் பக்கத்தில் நின்று நான்கைந்து முறையாவது செய்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத இளம் மருத்துவர் 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயிற்சி தராத இடத்தில் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் சாலையில் கழிகிற அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் சிறுநீரகத்தையே விலையாகக் கேட்கலாம். பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. இனிக் கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கை வைத்து எந்த நிலையத்துக்கு மருந்து என்று முடிவு செய்வதோடு, எந்த நிலையத்துக்குப் பயிற்சி என்றும் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அமைப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் மூன்று இயக்குநரகங்களில் நடக்கிறது. மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்த ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்வி இயக்குநரகத்துக்கு உரியவை. தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகள் மருத்துவம் மற்றும் ஊரகநலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். பி.எச்.சி.யும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ். 1920-களில் மதராஸ் மாகாணத்திலேயே பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை உருவாகி, அது இன்றுவரை தனியாக நிற்பது நமக்குப் பெரும் பலம். பிற மாநிலங்கள் பார்த்துக் கற்கிற ஏற்பாடு. தூத்துக்குடி மாவட்டத்தில் தூத்துக்குடி நகரத்து ஆஸ்பத்திரி கல்லூரிக்குப் போனதால், மாவட்டத் தலைமை மருத்துவமனை கோவில்பட்டியில் இருக்கிறது. சுகாதார நிர்வாகத்துக்காகக் கோவில்பட்டி தனிச் சுகாதார மாவட்டமாகவும் இயங்குகிறது. ஆக, இரண்டாவது, மூன்றாவது இயக்குநரகங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கற்பிக்கிற முதலாவது இயக்குநரகம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மூன்றையும் இணைக்க வேண்டிய இடத்தில் இணைப்பு மெலிந்து கிடக்கிறது. பணத்தின் ஓட்டத்தைக் கவனித்தால் அதன் காரணம் தெரியும்.

விருதுநகர் போன்ற புதிய கல்லூரி ஒவ்வொன்றுக்கும் 325 கோடி ரூபாய் திட்டமதிப்பு; ஒன்றிய அரசு 195 கோடி, மாநில அரசு 130 கோடி. ஏற்கெனவே இருந்த மாவட்ட ஆஸ்பத்திரியோடு கல்லூரியை இணைக்கிற திட்டம் அது. பதினொரு கல்லூரிகளிலும் சேர்த்து ஆண்டுக்கு 1,450 எம்.பி.பி.எஸ். இடம், விருதுநகருக்கு 150. அரசுக் கல்லூரியில் மாணவர் கட்டுகிற கட்டணம் தனியார் கல்லூரிகளின் கட்டணத்துக்கு முன்னால் மிகச் சிறியது; மீதியை மக்கள் வரிப்பணம் சுமக்கிறது. 2020-ல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்தது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் கூலி பார்க்கிற வீட்டுப் பிள்ளை மருத்துவம் படிக்க முடிகிற வழி இது. இதில் ஒரு ரூபாயைக்கூட நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவர் எண்ணிக்கையிலும் தமிழ்நாட்டுக்குத் தட்டுப்பாடு என்று சொல்வதற்கில்லை. பத்து லட்சம் மக்களுக்கு நூறு எம்.பி.பி.எஸ். இடம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் வரம்பு கட்ட முயன்றபோது, முதலில் எதிர்த்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. ஏனெனில் நாம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தோம். 2,553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2025 ஜனவரியில் நடந்த தேர்வுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அடுத்த மாதமே, கூட்டப்பட்ட இடங்களும் சேர்த்து, இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் பணியாணை வாங்கினார்கள். ஆள் இருக்கிறார், அரசு வேலைக்கு வரவும் தயார். பி.எச்.சி.யில் நிலைக்கும்படியும் அங்கே சிறக்கும்படியும் அவரைத் தயாரிக்க அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சர்வீஸ் கோட்டாவைச் சற்று நின்று புரிந்துகொள்ள வேண்டும். கிராமத்தில் இரண்டாண்டுக்குக் குறையாமல் வேலை பார்த்த அரசு மருத்துவருக்கு, அரசு மேற்படிப்பு இடங்களில் மாநிலத்தின் பங்கில் பாதியை ஒதுக்குவது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். படிக்கிற மூன்றாண்டும் சம்பளம் உண்டு. படித்து முடித்தவர் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் இருப்பதாகப் பத்திரம் எழுதித் தருகிறார். 2017 வாக்கில் மருத்துவக் கவுன்சில் விதிகளைக் காட்டி இந்த ஒதுக்கீடு முடக்கப்பட்டது. அதற்குப் பதில் தொலைதூரப் பணிக்கு ஊக்க மதிப்பெண் என்ற முறை வந்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு தருகிற அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் இந்தப் பகுதி பி.எச்.சி.களில் எவ்வளவு நிம்மதி இருந்திருக்கும் என்பது, அங்கே வேலை பார்ப்பவர்களைத் தெரிந்த எவருக்கும் புரியும்.

பி.எச்.சி.க்கு இளம் மருத்துவர்களை இழுத்து வருவதில் இதற்கு நிகரான ஏற்பாடு வேறில்லை. அரசு இதைப் பாதுகாக்க வேண்டும். ஆனால் மேற்படிப்பு முடித்தபின் அவர் எங்கே போகிறார்? எலும்பு மருத்துவம், மயக்க மருத்துவம், கதிர்வீச்சுப் படம், அறுவை என்று எதைப் படித்தாலும் அந்தத் திறமைக்குரிய இடம் ஜி.எச். எனப்படும் அரசு ஆஸ்பத்திரியோ மருத்துவக் கல்லூரியோதான். பி.எச்.சி.யில் இரண்டு மூன்று ஆண்டு கற்றதெல்லாம் அங்கேயே விடுபட்டுப் போகிறது. எந்த வீட்டில் சர்க்கரை, எந்தத் தெருவில் காசநோய் மருந்தை நிறுத்தியவர், எந்த ஊரில் சின்ன வயதுக் கல்யாணம் என்ற அந்த அறிவு பொது சுகாதாரத்தின் பெரிய சொத்து. அடுத்து வருகிற புதியவர் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை ஆஸ்பத்திரிகளுக்கு இந்த ஏற்பாடு வல்லுநர்களைத் தருகிறது. கோவில்பட்டி ஜி.எச்.சுக்கும் தருகிறது. பி.எச்.சி.க்கு மட்டும் அது வருவதும் போவதுமான ஆளையே தருகிறது. முதல்நிலை மருத்துவரை வளர்க்கச் செலவழிக்கிற பெரும்பணம், அவரை முதல்நிலையிலிருந்து வெளியே எடுப்பதில் போய் முடிகிறது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான்.

முன்பு இதற்கு ஒரு நடுவழி இருந்தது: இரண்டாண்டு டிப்ளமா. மகப்பேறுக்கு டி.ஜி.ஓ., குழந்தைகளுக்கு டி.சி.எச்., மயக்க மருந்துக்கு டி.ஏ. என்று படித்துத் திரும்பியவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் முப்பது படுக்கை பி.எச்.சி.களிலும் நிறைய வேலை செய்தார்கள். 2018-ஐ ஒட்டி அந்த இடங்களை மூன்றாண்டுப் பட்டமாக மாற்றிக்கொள்ள மருத்துவக் கவுன்சில் வழி திறந்தது, கல்லூரிகளும் மாற்றிக்கொண்டன. பட்டத்துக்குப் பேராசிரியர் பதவி வரை மதிப்பு உண்டு என்பதால் மாணவர்களுக்கும் அதுவே பிடித்தது. கிராமத்துக்கு அது இழப்பு. 2020-ல் தேசியத் தேர்வு வாரியம் எட்டுத் துறைகளில் இரண்டாண்டு டிப்ளமாவை மீண்டும் கொண்டுவந்தது. அந்த எட்டில் குடும்ப மருத்துவமும் ஒன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாம் முதல்முறை சந்திக்கிற சிக்கல் இல்லை இது. நூறாண்டுக்கு முன்பே இதே மண்ணில் ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது. 1924-ல் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை ஊரக மருத்துவ உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. படித்த மருத்துவர் ஒரு கிராமத்தில் குடியேறித் தொழில் நடத்த வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் அரசு மானியம், உள்ளாட்சி போர்டின் மேற்பார்வை. மாகாணம் முழுக்க நூற்றுக்கணக்கான மருந்தகங்கள் இப்படி எழுந்தன. முழுநேரச் சம்பளம் கொடுக்காமல், தனித்தொழிலை மட்டும் நம்பவும் விடாமல், இரண்டுக்கும் இடையில் ஓர் ஊன்றுகோல் கொடுத்த ஏற்பாடு அது. அதில் பயிற்சிக்குத் தனிப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த மருத்துவர்களில் பலர் எல்.எம்.பி. படித்தவர்கள், அந்தப் படிப்பே அரசு மருத்துவப் பள்ளிகளில் குறைந்த செலவில் நான்காண்டில் முடிகிற ஒன்று.

பிறகு, இந்தியாவின் சுகாதார அமைப்பை ஆராய்ந்த போர் (Bhore) குழு வந்தது. 1943-ல் அமைந்து 1946-ல் அறிக்கை தந்த அந்தக் குழுவின் கணக்குப்படி, இந்தியாவில் அப்போது பதிவு பெற்ற மருத்துவர் சுமார் 47,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி.க்கள். குழுவின் பெரும்பான்மை, ஒரே தரமான 'அடிப்படை மருத்துவர்' போதும், எல்.எம்.பி. படிப்பை நிறுத்த வேண்டும் என்றது. சில உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள்: இவர்களை நிறுத்திவிட்டால் கிராமத்துக்கு யார் போவார் என்பது அவர்கள் கவலை. பெரும்பான்மையின் எண்ணம் உயர்ந்தது. கிராமத்தானுக்கு மட்டும் ஏன் குறைந்த படிப்பு மருத்துவர் என்ற சமத்துவக் கேள்வி அதில் இருந்தது. அந்தக் கேள்விக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த அடிப்படை மருத்துவரைக் கிராமத்துக்கேற்பப் பயிற்றுவிக்கவும் குழு சொல்லியிருந்தது. நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் அவருக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. எல்.எம்.பி.யை நிறுத்துகிற பாதி முழுமையாக நடந்தது. பயிற்சி என்கிற பாதி அரைகுறையாகவே நடந்தது.

1975-ல் மருத்துவக் கல்வியை ஆராய்ந்த சிறீவாஸ்தவ் குழு இதையே மறுபடி சொன்னது. 1977-ல் மருத்துவக் கல்விக்குப் புதிய திசை காட்டும் திட்டம் என்று ஒன்று வந்தது; ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பேற்று அங்கே மாணவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் கரு. நடமாடும் மருத்துவ வண்டிகள் வாங்கப்பட்டன. வண்டிக்குப் பணம் கொடுத்தவர்கள், வட்டாரத்தில் தங்கிக் கற்பிக்கிற ஆசிரியருக்குப் பணியிடம் உருவாக்கவில்லை. திட்டம் நாளடைவில் தேய்ந்துபோனது. இந்த ஒரு செய்தியை மட்டும் நிதித் துறையில் இருக்கிற யாராவது மனதில் வைத்துக்கொண்டால் போதும்: பயிற்சி என்பது முதலில் ஆசிரியரின் சம்பளம்.

இன்றைய விதிகளில் வாய்ப்பு இல்லாமல் இல்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடிப்பவர் சமூகத்தின் முதல் தொடர்பு மருத்துவராக இருக்க வேண்டும் என்பதே பாடத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். 2021 விதிப்படி, படிப்பு முடித்துப் பயிற்சி பெறுகிற ஹவுஸ் சர்ஜன் ஓராண்டில் பன்னிரண்டு வாரம் சமுதாய மருத்துவத்தில் கழிக்க வேண்டும். அதன் பெரும்பகுதி பி.எச்.சி.யில்தான். மேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் வேலை பார்த்தாக வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சியும் 2021 தொகுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இளநிலை மாணவர் முதலாண்டிலேயே சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முடியும்வரை அவர்கள் உடல்நலத்தைத் தொடர வேண்டும் என்பது இன்னொரு விதி. சுற்றியிருக்கிற மூன்று கல்லூரிகளின் ஹவுஸ் சர்ஜன்களும் மேற்படிப்பு மாணவர்களும் கரிசல் வட்டாரங்களுக்கு முறையாக வந்து போனால் அது எவ்வளவு பெரிய பலம்!

ஆனால் ஹவுஸ் சர்ஜன் பி.எச்.சி.க்கு வரும்போது அவருக்கு யார் கற்பிப்பார்? அங்கிருக்கிற மருத்துவ அலுவலர் காலையில் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்து முடித்து, பிற்பகலில் பள்ளி ஆய்வு, மாலையில் அறிக்கை என்று ஓடுகிறவர். அவருக்கு ஆசிரியர் என்ற தகுதி இல்லை, அதற்கான படியும் இல்லை, நேரமும் ஒதுக்கப்படவில்லை. கல்லூரியில் பேராசிரியருக்குக் கற்பித்தலே வேலை, பி.எச்.சி.யில் அது உபரி. அதனால் ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைத்ததே என்று திரும்புகிறார். இது மாணவரின் சோம்பலும் இல்லை, அலுவலரின் அலட்சியமும் இல்லை. பணம் போகாத இடத்தில் வேலை நடக்காது.

அமெரிக்காவில் இதே முடிச்சு வேறு கயிற்றில் விழுந்தது. அங்கே 1965-ல் மெடிகேர் காப்பீடு வந்தபோதே, பட்டம் பெற்ற மருத்துவர்களின் பயிற்சிச் செலவும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. எனவே பயிற்சி முழுக்க ஆஸ்பத்திரி வேலையைச் சுற்றியே வளர்ந்தது. குடும்ப மருத்துவர் குறைந்தார். 2010-ல் வந்த சுகாதாரச் சட்டம் ஒரு திருத்தம் செய்தது: ஏழை மக்கள் வருகிற சமுதாயச் சுகாதார நிலையங்களே பயிற்சி மையங்களாகி, நிதியை நேரடியாகப் பெறலாம். ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர். மெடிகேர் பயிற்சிக்குத் தருகிற தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. அவ்வப்போது நீட்டிப்புக்காகப் போராட வேண்டியும் இருக்கிறது. ஆனாலும் பணம் யார் கையில் போகிறது என்பதை மாற்றினால் மருத்துவர் எங்கே உருவாகிறார் என்பதும் மாறும் என்று அது காட்டியது.

தாய்லாந்து 1990-களின் நடுவில் இன்னும் துணிவாக ஒன்றைச் செய்தது. கிராமப்புற மாகாணங்களிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, முதல் ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திலும், நோயாளியோடு பழகுகிற ஆண்டுகளைச் சொந்தப் பகுதியின் அரசு ஆஸ்பத்திரியிலும் கற்கவைத்தது. அந்த ஆஸ்பத்திரிகளில் ஆசிரியர் பணியிடம், நூலகம், விடுதி எல்லாவற்றுக்கும் சுகாதார அமைச்சகமே பணம் கொடுத்தது. ஜப்பானில் 1972-ல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் மாகாணத்துக்கு இரண்டு மூன்று பேர் என்று எடுத்து, படிப்புச் செலவை ஏற்று, ஒன்பதாண்டு சொந்த மாகாணத்தில் வேலை பார்த்தால் கடனைத் தள்ளுபடி செய்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தத்தை முடிக்கிறார்கள். நம் 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஓட்டப்பிடாரம், கயத்தாறு, எட்டயபுரம் அரசுப் பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்குப் படிப்புச் செலவை ஏற்கிற அரசு, அவருக்குச் சொந்தச் சீமையில் கற்கிற வாய்ப்பையும் கொடுத்தால் பலர் விரும்பித் திரும்புவார்கள். கட்டாயப் பத்திரத்தைவிட அது வலிமையானது.

இப்படி அந்தந்த மண்ணிலேயே உருவாக்குவதற்கு முன்னோடி கோவில்பட்டிக்குள்ளேயே இருக்கிறது. 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அது. பருத்தி எங்கேயும் விளையும்தானே என்று ஓர் அதிகாரி நினைத்திருந்தால் இந்த மானாவாரிச் சீமைக்கு நிலையம் வந்திருக்காது. கரிசலில், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி வளர்கிற கருங்கண்ணிப் பருத்தியை இந்த மண்ணிலேயே விதைத்து, இந்த மண்ணிலேயே தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் முதலெழுத்தைத் தாங்கிய ரகங்கள் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவின. அதற்குச் சம்பளம், நிலம், ஆய்வகம், ஆள் எல்லாவற்றையும் அரசு இங்கேயே வைத்தது. மருத்துவருக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

மருத்துவர் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். முதல்நிலை மருத்துவத்தின் பெரும்பாரம் மற்றவர்கள் தோளில் இருக்கிறது. மாநிலத்தின் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களில் இருக்கிற கிராம சுகாதார செவிலியர்தான் கருவுற்ற பெண்ணின் முதல் பதிவிலிருந்து குழந்தையின் தடுப்பூசி வரை பார்க்கிறவர். இரண்டாண்டு ஏ.என்.எம். படிப்பு அவர்களுக்கு. அங்கன்வாடியில் வேலை பார்த்த பெண்களைத் தேர்ந்தெடுத்து அரசே பயிற்சி கொடுத்து இந்தப் பணிக்குக் கொண்டுவருகிற வழியும் நம்மிடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ஊரை முன்பே அறிந்த பெண்ணுக்கு மருத்துவம் கற்பிப்பது எளிது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோனது. அதன் கால்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே ஆண்டு இறுதியில் 4,848 இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களை ஒப்பந்தத்தில் எடுக்க அறிவிப்பு வந்தது. செவிலியர் படிப்பு முடித்தவர்கள் இவர்கள். ஒன்றிய அரசின் ஏற்பாட்டில் இந்தப் பணிக்கு ஆறு மாதச் சமுதாய சுகாதாரச் சான்றிதழ் படிப்பு உண்டு.

இவர்களுக்கான பயிற்சிப் பணம் பெரும்பாலும் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கணக்கில் வருகிறது. ஒன்றியம் அறுபது, மாநிலம் நாற்பது. அது ஒவ்வொரு நோய்த் திட்டத்துக்கும் தனித்தனியே பிரிந்து வருவதால் பயிற்சியும் துண்டு துண்டாகிறது: காசநோய்க்கு ஒன்று, தொழுநோய்க்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, புதிய செயலியில் பதிவு செய்ய ஒன்று. ஓர் அறையில் ஐம்பது பேர், திரையில் பக்கங்கள், மதியச் சாப்பாடு, கையெழுத்து. அந்த நாள் நர்சம்மா ஊரில் இல்லாத நாள். அதற்குப் பதில் ஒரு தேர்ந்த சமுதாய நலச் செவிலியர் அவரோடு ஒரு முழு நாள் வீடு வீடாகப் போய், இரத்த அழுத்தம் எடுக்கிற கைப்பழக்கத்தைத் திருத்தி, மார்புச் சளி ஒலியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் பலன் பல மடங்கு. அதற்கும் அதிகச் செலவு ஆகாது. ஆனால் நம் கணக்குத் தலைப்புகளில் பயிற்சி என்றால் கூட்ட அறையும் பயணப்படியும்தான். கூடவே நடந்து கற்பிக்கிறவருக்குத் தலைப்பு இல்லை. ஒப்பந்தப் பணியாளர் பற்றியும் ஒரு வார்த்தை: பயிற்சி கொடுத்த ஆளை நிலையற்ற தொகுப்பூதியத்தில் வைத்தால் நல்ல வேலை கிடைத்ததும் அவர் போய்விடுவார், பயிற்சிப் பணமும் அவரோடு போய்விடும். ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாக முதல்நிலை சுகாதாரத்துக்கென்று நாடு முழுவதுக்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதன் தலைப்புகளைப் பார்த்தால் கட்டடம் இல்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம், பரிசோதனைக் கருவிகள், வட்டாரப் பொது சுகாதார அலகுகள், நகர்ப்புற நல மையங்கள். எல்லாம் தேவைதான். கற்பிக்கிறவருக்கென்று ஒரு தலைப்பு அதில் இல்லை.

அப்படியானால் கோவில்பட்டியில் என்ன செய்யலாம்? மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் குடும்ப மருத்துவப் பயிற்சி இடமாக்கலாம். 2002, 2017 தேசிய நலக் கொள்கைகள் இரண்டும் குடும்ப மருத்துவத்தை வளர்க்கச் சொல்லியிருக்கின்றன. தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டு டிப்ளமா கையில் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளே அதை நடத்த முடியும். சர்வீஸ் கோட்டா மருத்துவர்கள் சம்பளத்தோடு அதில் சேர வேண்டும். இரண்டாண்டில் பாதி ஜி.எச்.சில் பிரசவம், குழந்தை, அவசரப் பிரிவுகளில். மீதி கயத்தாறு, விளாத்திகுளம், புதூர் வட்டார நிலையங்களில். பாம்புக்கடி, பூச்சிமருந்து தெளிக்கையில் வரும் பாதிப்பு, பட்டாசு, தீப்பெட்டி வேலையின் தீக்காயமும் நுரையீரல் நோயும், கோடை வெயிலின் மயக்கம், சர்க்கரை, மன அழுத்தம் என்று இந்தச் சீமையின் நோய்களே பாடம். முடித்தவர் பி.எச்.சி.க்கே திரும்ப வேண்டும். இங்கேதான் இன்னொரு செலவு தேவைப்படுகிறது. பி.எச்.சி.யில் தங்குகிற குடும்ப மருத்துவருக்கு, ஜி.எச். நிபுணருக்குரிய ஊதியமும் பதவி உயர்வும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் டிப்ளமாவை மட்டும் தொடங்கினால் இடங்கள் காலியாகத்தான் கிடக்கும். மருத்துவர் தன் எதிர்காலத்தைத் தியாகம் செய்ய வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஆசிரியர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. வட்டார மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், முப்பதாண்டு வேலை பார்த்த பகுதி சுகாதார செவிலியர்கள், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல தலைமுறையைப் பார்த்த தனியார் குடும்ப மருத்துவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று ஆணையும் மாத மதிப்பூதியமும் கொடுத்து, மூன்று கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறைகளோடு இணைத்தால் போதும். பி.எச்.சி. மருத்துவ அலுவலருக்கு வாரத்தில் இரண்டு பிற்பகலைக் கற்பித்தலுக்கென்று எழுத்தில் ஒதுக்கி, அந்த நேரத்துக்கு இன்னொரு மருத்துவரை நியமிக்க வேண்டும். மாணவர் தங்க ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கைந்து அறை கொண்ட விடுதி. பெண் மாணவர்களே பெரும்பகுதி என்பதால் பாதுகாப்பான விடுதி. இவ்வளவுக்கும் ஆகிற தொகையை 325 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறியது என்று தெரியும்.

நிர்வாகத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கல்லூரிக்கு ஒரு இயக்குநர், ஜி.எச்.சுக்கு ஒரு இயக்குநர், பி.எச்.சி.க்கு ஒரு இயக்குநர் என்றிருக்க, இந்தப் பயிற்சியின் பணத்தை யார் வைத்திருப்பது? கல்லூரியிடம் கொடுத்தால் அது கல்லூரி வளாகத்திலேயே செலவாகும். கடந்த அறுபது ஆண்டு அனுபவம் அதுதான். எனவே பணம் பொது சுகாதாரத் துறையின் கோவில்பட்டி சுகாதார மாவட்டக் கணக்குக்கு வர வேண்டும், கல்லூரி பாடத்தையும் தேர்வையும் பார்த்துக்கொள்ளட்டும், ஜி.எச். படுக்கையையும் நோயாளியையும் தரட்டும். தேசிய நலவாழ்வு இயக்கத்துக்கு மாநிலம் அனுப்புகிற திட்ட வரைவில், நோய்வாரியாகச் சிதறிக் கிடக்கிற பயிற்சித் தொகைகளை ஒன்று சேர்த்து ஒரே தலைப்பாகக் கேட்க முடியும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாநில அரசு விரும்பினால், அடுத்த வரைவிலேயே, ஒரே ஒரு சுகாதார மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். கோவில்பட்டி அதற்குத் தகுந்த இடம்.